வீட்டு வாசலில் என்ஜின் ஆயில் மாற்றும் முறைகளைத் தெரிவு செய்தல்: ஒரு வகைப்பாட்டு ஆய்வு

காரின் என்ஜினுள் உராயும் உலோகப் பாகங்களுக்கு இடையே படலமாகப் பரவி நின்று, தேய்மானத்தைக் குறைத்து, வெப்பத்தையும் கசடையும் சுமந்து செல்லும் மசகெண்ணெய் வழக்கில் என்ஜின் ஆயில் எனப்படும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, அதை மாற்றிவிட வேண்டும் என்று தமிழகச் சாலைகளில் ஓடும் சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடுகள் விதிக்கின்றன. விதியில் ஐயமில்லை, அதை எவ்வழியாக நிறைவேற்றுவது என்பதில்தான் அறிஞர்கள் பிளவுபடுகின்றனர். காசு கொடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு செயலை, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் பலியிட்டு வீட்டு வாசலில் செய்ய ஒருவர் ஏன் முற்படுகிறார் என்ற வினா உளவியலைச் சார்ந்தது ஆதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. முற்பட்டுவிட்டார் என்றே கொண்டு, அவர்முன் உள்ள முறைகளை வகைப்படுத்துவதும், அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் போதா எனக் காட்டுவதும் இவ்வாய்வின் நோக்கமாகும்.

இச்சிக்கல் தொன்மையானது அன்று. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டியின் அச்சில் பூசிய வண்டி மை, தேயத் தேயப் பூசப்பட்டதேயன்றி ஒருநாளும் மாற்றப்பட்டதில்லை. வண்டிக்காரரின் வேட்டியில் ஏறியது நீங்கலாகப் பழையது என்று எதுவும் மிஞ்சவில்லை. 1899-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய ஆங்கிலேய நிறுவனம், 1909-இல் விளக்கெண்ணெய் சேர்த்த ஒரு மசகெண்ணெயைக் காஸ்ட்ரால் என்ற பெயரில் விற்கத் தொடங்கியபோது ஆமணக்கு என்ஜினுக்குள்ளும் குடியேறியது. ஆயினும் மூடிய என்ஜினுள் ஊற்றிய எண்ணெய் கரியேறி அங்கேயே தங்கிவிடுவதால், பூசுதல் என்ற ஒற்றைச் செயல் இறக்குதல், ஊற்றுதல் என இரண்டாகப் பிரிந்தது. முறைகள் பற்றிய பூசல் முழுவதும் இறக்குதலைப் பற்றியதே. ஊற்றுதலைப் பொறுத்தவரை, புனல் வைத்து ஊற்றுவோர், புனல் எதற்கு என்று கேட்டுச் சிந்துவோர் என்ற இரு சாராரைத் தவிர வேறு பிரிவு காணப்படவில்லை.

இறக்கும் முறைகளுள் முதலாவதும் பெருவழக்கானதும் கீழ்வாய் முறை. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குச் சம்பு என்றும், அதன் துளையை அடைக்கும் திருகுக்கு டிரெயின் போல்ட் என்றும் பெயர். 14 அல்லது 17-ஆம் நம்பர் ஸ்பானரால் இதைக் கழற்றினால் புவியீர்ப்பு விசை மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பது இம்முறையாரின் கோட்பாடு. கோட்பாட்டில் பிழையில்லை, போல்ட்டை எட்டுவதில்தான் தொல்லை. சிறு கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 160 முதல் 180 மில்லிமீட்டர் வரையே உள்ளது. நடுவயதுக் குடும்பத் தலைவரின் வயிறோ, மல்லாந்து படுத்த நிலையிலும் இவ்வெல்லைக்குள் அடங்க மறுக்கிறது. ஆகவே காரை உயர்த்துவோர் என்றும், காரை உயரத்தில் ஏற்றுவோர் என்றும் இம்முறையார் இரண்டாகப் பிரிவர். உயர்த்துவோர் ஜாக்கியை நாடுகின்றனர். காருடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கென அமைந்தது. அதை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும், ஸ்டாண்டு முட்டுக்கொடுத்த பின்னரே நுழைய வேண்டும் என்பது நகைப்புக்கு இடமில்லாத விதி. ஏற்றுவோர் இரும்புச் சரிவு மேடையைப் பரிந்துரைக்கின்றனர். அது கிடைக்காதவிடத்துச் செங்கல்லை அடுக்கும் ஒரு கிளைமரபு உண்டெனினும், கார் ஏறும்போது செங்கல் நொறுங்கும் இயல்புடையது ஆதலின் அம்மரபு வளரவில்லை.

டிரெயின் போல்ட் சம்பின் பக்கவாட்டில் அமைந்த கார்களில் கூடுதல் நுட்பம் ஒன்று தேவைப்படுகிறது. துளையிலிருந்து பாயும் நீர்மத்தின் வேகம், அத்துளைக்கு மேல் நிற்கும் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலியரான டாரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். இதன்படி, போல்ட் கழன்ற கணத்தில் ஆயில் ஒரு வில்லாக வளைந்து எட்டத்தில் விழும். மட்டம் தாழத் தாழ அவ்வில் சுருங்கிச் சம்பை நோக்கிப் பின்வாங்கும். டாரிசெல்லியைக் கற்றவர் பாத்திரத்தை முதலில் தள்ளிவைத்துப் பின்னர் மெல்ல உள்ளிழுக்கிறார். கல்லாதவர் நேர் கீழே வைத்துவிட்டு, ஆயில் அதைத் தாண்டிச் சென்று தரையில் விழுவதைக் காண்கிறார். இரு சாராரும் சூடான போல்ட்டை விரல்நுனியிலிருந்து நழுவவிட்டு, முழங்கை வழியாக அக்குளை நோக்கி ஊரும் ஆயிலோடு பாத்திரத்துக்குள் துழாவுகின்றனர். அப்பாத்திரம் சமையலறையிலிருந்து கேளாமல் எடுத்துவந்த அன்னக்கூடையாக இருப்பின், ஆய்வு பொறியியலை விட்டுக் குடும்பநல வழக்குகளின் துறைக்குள் சென்றுவிடும்.

இரண்டாவது, மேல்வாய் முறை. ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அத்துளை வழியே மெல்லிய குழாயைச் சம்பின் அடிவரை செலுத்திக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்தலே இது. அடியில் படுக்க இடமில்லாத மோட்டார் படகுகளில் இது இயல்பான வழக்கம். சட்டை அழுக்காவதில்லை, டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டியதும் இல்லை. அடியில் கசடு தங்கிவிடும் என்று கீழ்வாயர் குற்றஞ்சாட்ட, கீழிருந்து இறக்கினாலும் சிறிது தங்கத்தான் செய்கிறது என்று மேல்வாயர் விடையிறுப்பர். இவ்வாதத்தைக் காட்டிலும் வலுவானது ஃபில்டர் பற்றிய தடை. ஆயிலின் கசடை வடிகட்டும் உருளையான ஃபில்டரையும் உடன் மாற்ற வேண்டும்; பல சிறு கார்களில் அது கீழிருந்தே எட்டும் இடத்தில் திருகப்பட்டுள்ளது. எனவே, அடியில் படுப்பதைத் தவிர்ப்பதற்காகப் பம்பு வாங்கிய மேல்வாயர், ஆயிலை மேலே நின்று கௌரவமாக உறிஞ்சி முடித்தபின் ஃபில்டருக்காக அடியில் படுக்கிறார். அது கைக்குக் கழலாதபோது எமரி பேப்பர் சுற்றிப் பார்ப்பர், பழைய பெல்ட்டைச் சுற்றி இழுப்பர், இறுதியில் ஸ்க்ரூடிரைவரை அதன் வயிற்றில் குத்தித் திருப்புவர். கடைசி வழி பல சமயம் ஃபில்டரைக் கிழித்துவிட்டுத் திருகை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

எந்த ஆயில் என்ற உட்பிரச்சினை இங்குச் சுருக்கமாகவே கருதத்தக்கது. கேனின் மேலுள்ள ‘5 டபிள்யூ 30’ என்ற குறியீட்டில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதன்முன் நிற்கும் 5, மைனஸ் 30 டிகிரி குளிரிலும் என்ஜின் சுழலத்தக்க இளக்கத்தை உறுதிசெய்வது. மார்கழி விடியலில் 20 டிகிரியைக் கண்டதும் குல்லாய் தேடும் சென்னைவாசி, இவ்வுறுதியை நம்பிக்கையின் பேரிலேயே ஏற்றுக்கொள்கிறார்.

மீண்டும் பூட்டுதலில் ஒரு பொதுப்பிழை நேர்கிறது. ஒழுகிவிடுமோ என்ற அச்சத்தில் போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவோர், அலுமினியச் சம்பின் மரையை அழித்துவிடுகின்றனர். ஒழுக்கைத் தடுப்பது வலிமை அன்று. போல்ட்டின் அடியில் இடும் புது வாஷரும், கையேடு சொல்லும் அளவான முறுக்குமே. அவ்வாறே ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கையால் இறுக்கினால் போதும். ஆனால் பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டு வளையங்களின் மேல் பூட்டிய ஃபில்டர், ஊற்றிய ஆயிலைத் தெருவுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இதுவரை கூறிய ஒப்பீடுகள் உடலுழைப்பு, சுத்தம், செலவு ஆகிய அளவுகோல்களைக் கொண்டவை. இவற்றுள் எதுவும் தீர்வு தராமைக்குக் காரணம், முறைகள் அனைத்தும் ஒரே முடிவில் வந்து நிற்பதே: அந்தி நேரத்தில் வீட்டு உரிமையாளரின் கையில் ஏறத்தாழ 3 லிட்டர் கறுப்பு ஆயில் இருக்கிறது. சாக்கடையில் கொட்டுவது குற்றம். தென்னைக்கு ஊற்றுவது தென்னைக்குச் செய்யும் துரோகம். 2016-ஆம் ஆண்டின் விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரக் கழிவுகளில் சேர்க்கின்றன. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், மசகெண்ணெய் தயாரிப்போரை அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அப்பொறுப்பு மூன்றாம் மாடியின் பால்கனியில் நிற்கும் கேனைத் தேடி வருவதில்லை. கான்கிரீட் ஒட்டாதிருக்கச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசலாம் என்பர். வீட்டில் சென்ட்ரிங் பலகை வைத்திருப்போர் அரியர். கேட்டின் கீலுக்கு விடலாம் என்பர். ஆண்டுக்குப் பத்துச் சொட்டு என்று கொண்டாலும், முதலாண்டு ஆயிலே கொள்ளுப்பேரன் காலம்வரை தீராது, அதற்குள் அடுத்த 10,000 கிலோமீட்டர் நிறைவெய்திவிடும்.

ஆகவே முறையைத் தெரிவு செய்வோர் கடைசிப் படியிலிருந்து தொடங்குதல் வேண்டும். பழைய ஆயிலை வாங்கிக்கொள்ள இசையும் ஒர்க்‌ஷாப் ஒன்று தெருவில் இருக்குமாயின், கீழ்வாயோ மேல்வாயோ எதுவும் செல்லும். ஒர்க்‌ஷாப்காரர், கேனோடு வரும் காரையும் தானே பார்த்திருக்கலாமே என்று முகத்தைச் சுளிப்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். அத்தகைய கடை இல்லாதவிடத்து மூன்றாவதான உடனிருப்பு முறையே எஞ்சுகிறது: மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து, அவர் அடியில் படுத்திருக்க, உரிமையாளர் அருகே நின்று டார்ச் அடித்தல். இது வீட்டில் மாற்றியதாகக் கருதப்படுமா என்பதில் தூய்மைவாதிகள் உடன்படவில்லை. எனினும், வேலை முடிந்ததும் மெக்கானிக் பழைய ஆயில் கேனைக் கேளாமலே பைக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவது இம்முறைக்கே உரிய சிறப்பு. அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.