சிக்கனம் கற்பித்தவர்களுக்கு ஒரு பாராட்டு

புத்தளம் மாவட்டத்து மதுரங்குளியில் வீட்டுச் சிக்கனத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் மேடை போட்டதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இரண்டாம் பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வறுத்துச் சம்பலாக்கவும், சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து உருட்டவும், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கவும் இங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் பொருளாதார நெருக்கடியில், 2021 முதல் 2023 வரை, எங்கள் வீடுகளில் நடந்த சிக்கனம் எங்கள் உம்மாமாரும் அம்மம்மாமாரும் அறியாத ஒன்று. அதைக் கற்பித்த பெருமை நாட்டை ஆண்டவர்களையே சேரும். அந்தப் பெருமையை உரியவர்களிடம் சேர்க்கவே இதை எழுதுகிறேன். இதில் மிகையாக ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வர்த்தமானியிலோ விலைப்பட்டியலிலோ சான்று உண்டு.

பெருமக்களே, முதலில் உங்கள் கொடைத்தன்மை. 2019 நவம்பரில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு, வந்த சூட்டோடு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கியது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்தால் அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 300 மில்லியனுக்கு உயர்த்தியது. எங்கள் சந்தியில் கடை வைத்திருக்கும் எவரும் இந்த இரண்டு எல்லைக்கும் கிட்டப் போனதில்லை. ஆகவே இது எங்களுக்குச் செய்த தானமல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய வருமானத்தை, கேட்குமுன்னே, விட்டுக்கொடுக்கும் மனம் எத்தனை அரசுகளுக்கு வரும்?

சீனியிலும் அதே மனம்தான். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகியது. ரூபாவல்ல, சதம். அரசு இழந்தது 15 பில்லியன் ரூபாவுக்கு மேல். கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவேயில்லை. இறக்குமதியாளர்களுக்கு இவ்வளவு தாராளம் காட்டிவிட்டு, குறைத்துக் குடிக்கும் பாடத்தை மட்டும் எங்களுக்கென்று ஒதுக்கிவைத்தீர்கள். நன்றாகவே கற்றோம். கோப்பைக்கு இரண்டு கரண்டி ஒன்றானது. பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிக்கும் பழைய வழக்கம் திரும்பி வந்தது. பால்மா பாக்கெட் வீட்டிலிருந்தால் அது கைக்குழந்தைக்கு. மற்றவர்களுக்குப் பால் தேநீர் பெருநாளோடு சரி.

அடுப்படியில் நீங்கள் செய்த மாற்றம் இன்னும் பெரியது. 2021 செப்டம்பரில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபா. ஒக்டோபரில் 2,675. 2022 ஏப்ரலில் 4,860. ஏழு மாதத்தில் மூன்று மடங்கைத் தாண்டியது. அந்த விலைக்கும் சிலிண்டர் வராமல், வெறும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு வந்தோம். இடையில் 2021 கடைசியில் நாடெங்கும் வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரைக் கழற்றி வைக்கும் ஒழுங்கு அப்போது பழகியது. இருந்த கொஞ்சக் கேஸையும் பயத்தால் மிச்சம் பிடித்தோம்.

தென்னையை நாங்கள் மறந்துபோகாமல் காத்தவர்களும் நீங்களே. புத்தளம், குருநாகல், கம்பஹா சேர்ந்ததுதான் தென்னை முக்கோணம் என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பார்கள். அதன் பயனை அடுப்பங்கரையில் படிக்க வைத்தீர்கள். பன்னாடை பற்றவைக்க. பாளை சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க அது போதும். மட்டை நின்று எரியும், சோறு அதில். சிரட்டைத் தணல் கடைசிவரை சூடு பிடிக்கும், கருவாடு சுட அதைவிட நல்ல தணல் இல்லை. பருப்பையும் கடலையையும் முன்னிரவே ஊறப்போட்டால் பாதி விறகு மிச்சம். அரிசி முக்கால் பதம் வெந்ததும் பானையை மூடியோடு இறக்கி, பழைய போர்வையால் இறுகச் சுற்றிச் சாக்குக்குள் வைத்தால் மீதி தன் சூட்டிலேயே வெந்துவிடும். திறந்து பார்க்கத்தான் கூடாது. இது உண்மையிலேயே நல்ல முறை, கேஸ் மலிந்தாலும் விடக்கூடாது. மழைக்காலத்தில் ஈர மட்டையோடு மல்லுக்கட்டி, தகரக் கூரைக்குக் கீழே புகை குடித்த பெண்களின் நெஞ்சுச் சளி மட்டும் எந்த மிச்சக் கணக்கிலும் வராது. இழுப்பு உள்ள பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதியவர்களை எனக்குத் தெரியும்.

இனி மின்சாரம். களப்புக்கு அந்தப்புறம் நுரைச்சோலை. சீனக் கடனில் கட்டிய லக்விஜய அனல்மின் நிலையம், 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரம், மொத்தம் 900. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எங்கள் மாவட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து போகிறது. மாம்புரிப் பக்கம் போனால் கடற்கரையோடு காற்றாலைகள். இவ்வளவும் இருக்கும் மாவட்டத்துக்கு இருட்டில் வாழும் பக்குவம் வராது என்று நினைத்தீர்கள் போலும், அதையும் கற்பித்தீர்கள். 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. அன்று கரண்ட் பில் எகிறவே இல்லை.

பில்லைப் பிறகு பார்த்துக்கொண்டீர்கள், கோட்டாபயவுக்கு அடுத்து ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கவின் காலத்தில். மாதம் 30 யுனிட் பாவிக்கும் வீடு முன்பு கட்டியது யுனிட்டுக்கு 2.50, நிலையான கட்டணம் 30 ரூபா, ஆக 105. 2022 ஓகஸ்டில் யுனிட் 8, நிலையான கட்டணம் 120, ஆக 360. 2023 பெப்ரவரியில் யுனிட் 30, நிலையான கட்டணம் 400, ஆக 1,300. ஏறத்தாழ ஆறு மாதத்தில் இரண்டு முறை. 30 யுனிட் வீடு என்றால் என்ன வீடு? சாதாரண பிரிட்ஜ் ஒன்றே மாதத்துக்கு அவ்வளவும் தின்னும். ஆகவே அந்த வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இரவு எட்டு மணி நேரம் ஒரு மேசை மின்விசிறி ஓடினால் பதின்மூன்று யுனிட். மூன்று எல்ஈடி பல்ப், கைபேசிக்குச் சார்ஜ், பிள்ளைகள் பார்க்கும் டீவி, அவ்வளவுதான் வீடு. இதில் எதை அணைக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்காமலே அணைத்தோம். அறுபது வாட் குண்டு பல்ப் எங்காவது மிஞ்சியிருந்தால் அதைக் கழற்றி ஒன்பது வாட் எல்ஈடி போட்டோம். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழு யுனிட்டுக்கு மேல் குறையும். இதுவும் நல்ல பாடமே.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா, மஃரிப் தொழுகை முடிந்ததும் டோர்ச்சோடு மீட்டருக்கு முன்னால் வந்து நிற்பார். பழைய மீட்டர். வெள்ளை எண்களை வாசித்து, கடைசிச் சிவப்பு எண்ணைத் தள்ளிவிட்டு, மாதத் தொடக்கத்தில் சுவரில் பென்சிலால் எழுதி வைத்த எண்ணோடு கழித்துப் பார்ப்பார். உள்ளிருந்து அவருடைய உம்மாவின் குரல் வரும்: "முப்பது தாண்டல்லதானே மகள்?" தாண்டினால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2023 பெப்ரவரிக் கட்டணப்படி முப்பத்தோராவது யுனிட்டுக்கு 37 ரூபா, அதோடு நிலையான கட்டணம் 400 இலிருந்து 550. அந்த ஒரு யுனிட்டின் விலை 187 ரூபா. தோலுரித்த கோழியைத் துண்டு எண்ணி வாங்கும் வீட்டில், மாதக் கடைசி மூன்று நாளும் மின்விசிறி நின்றது இதற்காகத்தான். கடற்காற்று வராத இரவுகளில் குழந்தைக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே தூங்கிப்போவார்கள். பிறகு 2023 ஜூலையில் கருணை காட்டினீர்கள். அதே 30 யுனிட் 450 ரூபாவுக்கு இறங்கியது. 105 கட்டிய வீடு 450 க்கு நன்றி சொல்லும் பணிவையும் உங்களிடமே கற்றது.

இதில் பெரிய பாடம் நிலையான கட்டணம்தான். 2023 பெப்ரவரிக் கட்டணப்படி, விளக்கையே ஏற்றாமல் ஒரு மாதம் இருந்தாலும் 400 ரூபா கட்ட வேண்டியிருந்தது. மிச்சம் பிடிக்கிறவளின் கைக்கு எட்டாத இடத்தில் விலையைக் கொண்டுபோய் வைப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை, வீட்டுக் கணக்கு எழுதும் பெண்கள்தான் சரியாக மதிப்பார்கள்.

மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பலாம் என்றால், 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. எஞ்சின் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கப் பழகினார்கள். கடலுக்குப் போகாவிட்டால் எண்ணெய்ச் செலவே இல்லை. இதைவிடப் பெரிய சேமிப்பு ஏது?

உங்கள் வாக்குத் தவறாமையையும் சொல்லாமல் விடக்கூடாது. 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைச் சொன்ன நாளில் சொன்னபடி கட்டினீர்கள். கேஸ் கப்பலுக்கும் மருந்துக்கும் டொலர் தட்டுப்பாடான நேரம் அது. மூன்று மாதம் முடியுமுன், ஏப்ரல் 12 இல், இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தீர்கள். சந்திக் கடையில் கொப்பிக் கடன் வைத்திருக்கும் எங்களுக்கு இந்த ஒழுங்கு புதிது. நாங்கள் முதலில் பிள்ளைக்கு மருந்து வாங்குவோம், பிறகு கடைக்காரரிடம் தவணை கேட்போம். அதே ஆண்டு ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னீர்கள். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானியில் நிறுத்தி, வயல் செய்தவர்களின் விளைச்சலைக் குறைத்த நீங்கள், முற்றத்தில் நாலு கத்தரிக்கன்று நடும் நம்பிக்கையை நாட்டுக்கு ஊட்டினீர்கள். எங்கள் மணலில் முருங்கை மட்டும் பசளை கேட்காமல் வரும். அந்த மாதங்களில் முருங்கையிலை எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது. அதற்கான நன்றி முருங்கைக்கு.

2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவில் மட்டும் 94.9. அதாவது முந்திய வருடம் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு அந்த வருடம் ஏறத்தாழ இரண்டாயிரம். சம்பளம் இரட்டிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது எது? உங்கள் திட்டம் எதுவுமல்ல. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டு. முட்டையை ஐந்தாகப் பிரித்துப் பொரித்துப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, எனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று அவள் சொல்லும்போது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நாட்டின் வரவுசெலவில் துண்டு விழுந்த இடத்தில் ஒட்டுப்போட்டவள் அவள். அவளுக்கு இந்தப் பக்கம் விருது கொடுத்தவர் எவரும் இல்லை. உங்களுக்கோ உச்ச நீதிமன்றமே சான்று எழுதித் தந்தது. 2023 நவம்பர் 14 தீர்ப்பில் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ மூவரையும் அவர்களோடு மத்திய வங்கியிலும் திறைசேரியிலும் உயர் பதவி வகித்தவர்களையும் பெயர் சொல்லி, பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள், மக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்றனர் பெரும்பான்மை நீதியரசர்கள். எங்கள் பாராட்டு அதன் பின்னால் வருகிற சின்னப் பாராட்டுத்தான்.

தானமாகக் கொடுத்த வரியைத் திரும்ப வாங்கும்போது ஆளை மாற்றிக்கொண்டீர்கள். 8 வீதம் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. அன்றுவரை விலக்கு இருந்த சமையல் கேஸும் அந்த வலைக்குள் வந்தது. 2019 இல் விட்டுக்கொடுத்தது பெரிய வியாபாரத்துக்கு, 2024 இல் அறவிட்டது பாளையும் மட்டையும் எரித்து மிச்சம் பிடித்த அதே அடுப்படியில். அதன் பிறகும் பாடம் ஓயவில்லை. தென்னை முக்கோணத்தில் குடியிருந்துகொண்டு ஒரு தேங்காய்க்கு 200 ரூபா கொடுத்தோம். 2025 இல் மழை உப்பளங்களைக் கெடுத்து, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியானபோது, உப்பு விளையும் புத்தளத்தார் உப்புப் பாக்கெட்டுக்குக் கடை கடையாக அலைந்தோம். மழைக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு பருவத்துக்கு வேண்டிய உப்பைக் கையிருப்பில் வைக்காததற்கு யாராவது பொறுப்பாக இருக்கத்தான் வேண்டும்.

இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் புதியவர்கள். வீடுகள் செலவைச் சுருக்கிச் சமாளித்துவிடும் என்று அவர்களும் நம்பலாம், ஏனென்றால் இதுவரை சமாளித்திருக்கின்றன. அவர்களிடம் கேட்பதற்கு இரண்டே விஷயம். 30 யுனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு நிலையான கட்டணத்தை எடுத்துவிடுங்கள். சமையல் கேஸ் மீதான பெறுமதி சேர் வரியை எடுத்துவிடுங்கள். பருப்பை ஊறப்போடுவதையும் பானையைப் போர்வையில் சுற்றுவதையும் நாங்கள் நிறுத்தப்போவதில்லை.