இரண்டாம் வாரத்து ஞானி

செப்டம்பர் பிறந்தால் ஜெர்மனியில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். மியூனிக்கில் மேயர் பீர்ப் பீப்பாயில் சுத்தியலால் குழாய் அடித்து அக்டோபர் விழாவைத் தொடங்கிவைப்பார். ஃபிராங்க்ஃபர்ட்டை ஒட்டிய எஷ்போர்னில் நம் ஞானி, அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஞாயிறு முடிந்த கையோடு, அடுத்த பிப்ரவரியில் கோப்பை யாருக்கு என்று அறிவிப்பார். மியூனிக் விழா இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும்.

ஞானி என்பது நான் வைத்த பெயர். பிறந்தது கோயம்புத்தூர்ப் பக்கம், தொழில் மென்பொருள், இருப்பு ஐந்தாம் மாடி. இவர் ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட்டிலும் மியூனிக்கிலும் இதே அச்சில் வார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பக்கத்து ஆளிடம், "கன்சாஸ் சிட்டி கதை இந்த வருசத்தோட முடிஞ்சுதுங்க" என்று யாராவது சொன்னால் அவர் இந்தக் குலம்தான்.

இவர்களுக்கு இந்த ஆட்டம் எப்படிப் பிடித்தது என்பது யோசித்தால் சிக்கலான விஷயமில்லை. ஐபிஎல் ஆட்டங்கள் ஜெர்மன் நேரத்தில் அலுவலகப் பிற்பகலில் தொடங்கித் தொலைக்கின்றன. சரி, ஊரோடு ஒத்து வாழ்வோம் என்று ஜெர்மானியரின் கால்பந்துக்குப் போனால் அங்கே பரம்பரை கேட்கிறார்கள். தாத்தா ஷால்கே, அப்பா ஷால்கே, தொட்டிலில் கிடந்தபோதே தானும் ஷால்கே என்று சொல்லும் சக ஊழியரிடம், போன மாதம்தான் அணி தேர்ந்தெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கால்பந்தில் அந்தத் தொல்லை இல்லை. ஜெர்மானியர்களில் பெரும்பாலோரும் இதற்குப் புதுசு. வரிசையில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

ஞானி தடுத்தாட்கொள்ளப்பட்ட நாள் 2022 நவம்பர் 13. என்எஃப்எல் எனும் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் ஜெர்மன் மண்ணில் முதன்முதலாகப் பருவ ஆட்டம் ஒன்றை நடத்திய நாள். மியூனிக் அலியான்ஸ் அரங்கில் டாம் பிரேடியின் டாம்பா பே அணி சியாட்டிலை 21-16 என்று வென்றது. முப்பத்திரண்டு அணிகளின் சட்டைகளும் அரங்கில் தென்பட்டன. ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று, மேற்கு வர்ஜீனியாவின் மலைப் பாதைகளைப் பற்றி ஜான் டென்வர் பாடிய பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். மேற்கு வர்ஜீனியாவுக்கு என்எஃப்எல் அணியே கிடையாது. பாடியவர்களில் பலர் அந்தப் பக்கம் போயிருக்கவும் மாட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஞானிக்கோ பொள்ளாச்சி ரோடு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து பக்தர்.

பக்தி பெருகப் பெருக அட்டவணை கெட்டது. அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஒரு மணி என்றால் இங்கே இரவு ஏழு. அடுத்த கட்டம் பத்தரை மணிவாக்கில். கடைசி ஆட்டம் பின்னிரவு இரண்டேகாலுக்கு மேல். ஜெர்மன் ஞாயிறோ அமைதிக்கென்று நேர்ந்துவிடப்பட்ட கிழமை. சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டிலைத் தெருத்தொட்டியில் போடக் கூடாது. இரவு பத்துக்கு மேல் எந்த நாளிலும் சத்தம் கூடாது. ஆகவே ஏழு மணி ஆட்டத்தில் டச் டவுன் விழுந்தால் ஞானி கத்துவார். பத்தரை ஆட்டத்தில் விழுந்தால் தலையணையைக் கடிப்பார். இதற்கு நடுவே எட்டேகால் மணிக்கு வீட்டில் இன்னொரு போர். 1970 முதல் ஜெர்மானியர் ஞாயிறு தவறாமல் பார்க்கும் துப்பறியும் தொடரான 'டாட்டோர்ட்'டில் ஞானியின் மனைவி ஜெர்மன் மொழி கற்றுக்கொள்கிறார். "ஏனுங்க, கொலையாளி யாருன்னு ஒன்றரை மணி நேரத்துல சொல்லிடறாங்க. உங்க ஆட்டம் மூணு மணி நேரமாச்சு, இன்னும் முட்டி மோதிட்டே இருக்கறாங்க" என்பது அவருடைய விமர்சனம்.

ஞானியின் மேதைமை முழுவீச்சில் வெளிப்படுவது திங்கள் காலை அலுவலகக் காபியறையில். அவருடைய தீர்ப்புகள் மூன்று ரகம்: "இவனுக முடிஞ்சாங்க", "இவனுகளை ஒருத்தனும் தொட முடியாது", "அந்தக் கோச்சுக்குப் பொட்டி கட்டியாச்சு". நான்காவதாக ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தீர்ப்பின் முடிவிலும், "எழுதி வச்சுக்குங்க" என்பார். யாரும் எழுதுவதில்லை என்ற தைரியம். நான் எழுதிவைத்தேன்.

எழுதாவிட்டாலும் பாதகமில்லை, அவர் துணி அலமாரியைத் திறந்தால் போதும். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு ஜெர்சி, நூறு யூரோவுக்குக் குறையாமல். தொல்லியல் துறை அகழ்ந்தால் அடுக்கு அடுக்காகத் தீர்க்கதரிசனங்கள் கிடைக்கும்.

அடி அடுக்கில் மயாமி டால்ஃபின்ஸ். 2023 செப்டம்பர் 24 அன்று மயாமி, டென்வரை 70-20 என்று துவைத்துப் பிழிந்தது. ஒரே ஆட்டத்தில் ஓர் அணி எழுபது புள்ளி தொடுவது 1966க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஞானி அன்றிரவே ஜெர்சிக்குப் பணம் கட்டிவிட்டார். தெய்வச் செயலாக அதே மயாமி நவம்பர் 5 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே வந்தது. எப்படியோ டிக்கெட்டும் பிடித்துவிட்டார். இடைவேளையில் கன்சாஸ் சிட்டி 21, மயாமி 0. பிறகு மயாமி விழித்துக்கொண்டு 14 வரை வந்தது. கடைசி நிமிடத்து நான்காவது முயற்சியில் பந்தைக் கையில் வாங்கும்போதே, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நழுவவிட்டார், கதை முடிந்தது. எழுபது அடித்த கை. ஜனவரியில் மயாமி கன்சாஸ் சிட்டிக்கே போய், மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் 26-7 என்று தோற்று வெளியேறியது. செப்டம்பரில் செத்துப்போனதாக ஞானி சான்றிதழ் கொடுத்த டென்வர், எட்டு ஆட்டம் வென்று மானத்தோடு பருவத்தை முடித்தது.

அடுத்த அடுக்கு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். 2024இல் முதல் ஆட்டத்தில் கரோலைனாவை 47-10, இரண்டாவதில் டல்லஸை அவர்கள் வீட்டிலேயே 44-19. இரண்டே ஆட்டத்தில் 91 புள்ளி! ஞானி நிலைகொள்ளாமல் தவித்தார். செயின்ட்ஸை யாரும் நெருங்க முடியாது என்றார். கரோலைனாவைப் பற்றி, "ஸ்டேடியத்தை இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாமுங்க" என்றார். அதற்குப் பின் செயின்ட்ஸ் தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்கள் தோற்றது. அந்த ஏழில் ஏழாவது, அதே கரோலைனாவிடம். மறுநாள் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பருவ முடிவில் இரண்டு அணிகளுக்கும் ஒரே கணக்கு: ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. கல்யாண மண்டபக் கோஷ்டியோ அந்த நவம்பரில் மியூனிக்குக்கு வந்து, நியூயார்க் ஜயன்ட்ஸை 20-17 என்று கூடுதல் நேரத்தில் வென்றும் போனது.

அந்த மியூனிக் ஆட்டத்தோடு ஜயன்ட்ஸ் தன் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை ஓரங்கட்டி, சில நாளில் கணக்கும் தீர்த்துவிட்டது. ஞானியும் தன் பங்குக்கு, "ஜோன்ஸ் இனி இன்ஷூரன்ஸ் விக்கப் போலாமுங்க" என்று வழியனுப்பிவைத்தார். பத்து மாதம் கழித்து, 2025 செப்டம்பரில், அவர் வாங்கிய புதுச் சட்டையின் முதுகில் என்ன பெயர் என்கிறீர்கள்? ஜோன்ஸ். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு மாறியிருந்த ஜோன்ஸ், முதல் வாரத்தில் மயாமியை 33-8 என்று சாய்த்திருந்தார். "அந்த ஆளுக்குள்ள ஒரு நெருப்பு இருக்குதுன்னு நான் அப்பவே பார்த்தேனுங்க." எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த வருடம் ஞானியின் வாக்கு வழக்கத்தைவிட நீண்ட நாள் உயிரோடிருந்தது. நவம்பர் 9 அன்று பெர்லின் ஒலிம்பிக் அரங்கில், அந்த நகரத்தின் முதல் என்எஃப்எல் பருவ ஆட்டத்தில், கோல்ட்ஸ் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 31-25 என்று வென்றது. ஜோனதன் டெய்லர் ஒருவரே 244 கெஜம் ஓடினார். எட்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஞானி, சூப்பர் பவுல் எனும் இறுதியாட்டத்துக்கு மறுநாளான திங்களுக்கு விடுப்பு விண்ணப்பமே போட்டுவிட்டார். பெர்லினில் விமானம் ஏறிய கோல்ட்ஸ் அதன்பின் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. டிசம்பரில் ஜோன்ஸின் குதிகால் நாண் அறுந்தது. விளையாட்டை விட்டுப் போய் ஏறத்தாழ ஐந்தாண்டாகியிருந்த, பேரன் பிறந்துவிட்ட, 44 வயது பிலிப் ரிவர்ஸைத் தேடிப்பிடித்துக் களமிறக்கிப் பார்த்தார்கள். ஏழு தோல்வி வரிசையாக. எட்டுக்கு ஒன்பது என்று கணக்கு முடிந்தது. விடுப்பை ரத்து செய்ய ஞானி இன்னொரு விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. மயாமிச் சட்டை இப்போது பால்கனிச் செடிகளுக்குக் குளிர்காலப் போர்வை. "ஒரு சட்டைய ஒரு பருவம் முழுக்கப் போட்டா என்னங்க?" என்று அவர் மனைவி கேட்பதில் குற்றம் காண முடியவில்லை.

ஞானி சும்மா விடுவாரா? கணக்கோடு வருவார். "பாருங்க, ஒரு டீமுக்கு மொத்தமே பதினேழு ஆட்டம். ரெண்டு முடிஞ்சா எட்டுல ஒரு பங்கு முடிஞ்சுது. பொறுமையா இருந்தா பருவமே போயிருமுங்க." இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஜெர்மனியின் பூண்டஸ்லீகாவில் ஓர் அணிக்கு 34 ஆட்டம். பாதி தூரத்தில் முன்னால் நிற்கும் அணியை 'இலையுதிர்கால சாம்பியன்' என்று சொல்லி மகிழ்வார்கள். கோப்பையும் கிடையாது, காசும் கிடையாது. அந்த வெறும் பட்டத்தைக் கொடுக்கவே ஜெர்மானியர் 17 ஆட்டம் காத்திருக்கிறார்கள். அதற்குள் அமெரிக்கருக்குப் பருவமே தீர்ந்துவிடுகிறது.

ஆனாலும் இரண்டு கொஞ்சம் சீக்கிரம். நம்மூர் வாக்கு எண்ணிக்கை நாளில், தபால் ஓட்டுக் கட்டு பிரிக்கும்போதே பட்டாசுக்கு ஆளனுப்பும் வட்டச் செயலாளரின் ரத்தம் இது. என்எஃப்எல் வரலாறு இந்த ரத்தத்தைக் கேலி செய்வதற்கென்றே நடந்ததுபோல் இருக்கும். 2003இல் நியூ இங்கிலாந்து முதல் ஆட்டத்தில் பஃபலோவிடம் 31-0 என்று தோற்றது; கடைசி வார ஆட்டத்தில் அதே பஃபலோவை அதே 31-0 என்று வென்று, சூப்பர் பவுலையும் தூக்கியது. 2021இல் கிரீன் பே முதல் வாரத்தில் 38-3 என்று நொறுங்கியது. பதின்மூன்று வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடத்தில் முடித்தது. 1993இல் டல்லஸ், 2001இல் நியூ இங்கிலாந்து, 2007இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் மூன்றும் முதலிரண்டு ஆட்டங்களைத் தோற்றுவிட்டுக் கோப்பை வென்ற அணிகள். இதையெல்லாம் ஒப்பித்தால் ஞானி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் விதிவிலக்குங்க" என்பார். விதி எது என்றால், அவர் சொல்வது.

எனக்கென்னவோ ஞானி ஆருடம் சொல்வதாகவே தோன்றவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் காபியறையில் அவரிடம் கேட்கப்பட்டவை மூன்றே கேள்விகள்: இந்தியாவில் இப்போது எவ்வளவு வெயில், எப்போது ஊருக்குப் போகிறாய், உன் டப்பாவில் இருப்பது எவ்வளவு காரம். இப்போது திங்கள் காலையில் ஆறேகால் அடி ஜெர்மானியர் கோப்பையோடு குனிந்து, "டெட்ராய்ட் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். டெட்ராய்ட்டின் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்குத் தாய் லெவர்குசன்காரர், அவரே ஜெர்மன் பேசுவார் என்பதால் இங்கே அது பாதி உள்ளூர் அணி. உயிர்க் கேள்வி. அதற்கு "பொறுத்திருந்து பார்ப்போம்" என்றா பதில் சொல்வது? அதை ஜெர்மானியரே தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார், அதற்கு எதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆள்? "டெட்ராய்ட் முடிஞ்சுது" என்கிறார் ஞானி. அறையே மௌனமாகி, உடனே ஐந்து பேர் மறுக்கிறார்கள், யாரோ அவருக்கும் சேர்த்துக் காபி போடுகிறார்கள். யார் ஜெயித்தால் என்ன.

ஞானியை அடக்கக்கூடிய ஒரே மனிதர் தமிழ்க்கடையில் சந்திக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். எண்பதுகளில் வந்தவர். ஜெர்மனியில் அமெரிக்கக் கால்பந்தே 2022இல்தான் முளைத்தது என்று நம்பும் ஞானிகளைப் பார்த்துச் சிரிப்பார். 1991இல் ஃபிராங்க்ஃபர்ட் கலக்ஸி என்று ஓர் அணி பிறந்து, என்எஃப்எல்லின் ஐரோப்பியக் கிளையில் நான்கு முறை கோப்பை வென்றது. 2007இல் அமெரிக்கர்கள் கடையை மூடியபோது மிச்சமிருந்த ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மன் அணிகள். அண்ணை, கலக்ஸி ஆடிய வால்ட்ஸ்டாடியன் அரங்கத்தின் அந்தக் காலத்து ஆள்.

"தம்பி, ஜேக் டெலோம் இஞ்ச கலக்ஸிக்கு ஆடினவன். ஆரும் அவனைக் கணக்கெடுக்கேல்லை. பிறகு கரோலைனாவை சூப்பர் பவுல் மட்டும் கொண்டுபோனவன். ரெண்டு கிழமையில ஆளை அளக்கேலாது. நத்தாருக்குப் பிறகு கதைப்பம்."

இதற்கு மட்டும் ஞானி தலையாட்டிவிட்டு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் 2021இல் ஐரோப்பிய லீக் ஒன்று புதிதாகத் தொடங்கி, கலக்ஸி மறுபிறவி எடுத்து, அந்த முதல் ஆண்டே கோப்பையையும் வென்றதிலிருந்து அண்ணையின் கோடைகாலம் வேறு மாதிரி. பருவத் தொடக்கத்தில் கலக்ஸி ஒரே ஓர் ஆட்டம் வென்றால் போதும், அன்றிரவு ஞானியின் கைப்பேசி அடிக்கும்.

"தம்பி, இந்தமுறை கோப்பை எங்களுக்குத்தான். ஒருத்தரும் கிட்ட வரேலாது. எழுதி வையுங்கோ."

"அண்ணே, இப்பத்தானுங்க ஒரு ஆட்டம் முடிஞ்சிருக்குது. இன்னும் பருவம் முழுக்கக் கிடக்குதுங்களே, பொறுத்துப் பார்க்கலாமுங்க..."

"உங்களுக்கு உந்த விளையாட்டே விளங்கேல்லைத் தம்பி" என்று அண்ணை போனை வைத்துவிடுவார்.