95 நொடித் தர்மயுத்தம்

1895-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்துப் போதகர்களுக்குச் சாத்தானின் விலாசம் கிடைத்தது. டல்லஸ் நகரம், மேற்பார்வை டான் ஸ்டூவர்ட் என்கிற சூதாட்டப் பிரமுகர். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மரக் கொட்டகை ஒன்றை அங்கே அவர் போட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் 31 அன்று அதற்குள் இரண்டு பேர் காசுக்காகக் குத்திக்கொள்வதாக ஏற்பாடு.

ஒருவர் ஜிம் கார்பெட். உலக ஹெவிவெயிட் சாம்பியன், ஒருகாலத்தில் வங்கி குமாஸ்தா. நடை உடை பாவனையைப் பார்த்து 'ஜென்டில்மேன் ஜிம்' என்று ஊரே பட்டம் கொடுத்திருந்தது. இன்னொருவர் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து, நியூசிலாந்தில் இரும்படித்து வளர்ந்தவர். இடுப்புக்கு மேலே கொல்லன், கீழே கொக்கு.

போதகர்கள் பிரசங்கபீடத்தில் ஏறினார்கள். கடவுள் தன் சாயலில் செய்த முகத்தைக் கூலிக்கு ஆள் வைத்து உடைக்கலாமா? நியாயமான கேள்விதான், இன்றைக்குக்கூட அதற்கு நேரான பதில் சொன்னவர்கள் குறைவு. சங்கடம் என்னவென்றால் அவர்கள் கையிலிருந்த புத்தகம். அதில் யாக்கோபு ராத்திரி முழுக்கக் கட்டிப் புரண்டு, தொடைச்சந்து பிசகி, கடைசியில் ஆசீர்வாதத்தோடு வீட்டுக்குப் போகிறார். புனித பவுலோ கொரிந்தியருக்கு எழுதும்போது தன்னைக் குத்துச்சண்டைக்காரனாகவே பாவித்துக்கொள்கிறார். தான் குத்துவது வெறுங்காற்றை அல்ல என்று பெருமை வேறு. இந்தப் பக்கங்களை டல்லஸ் போதகர்கள் வேகமாகப் புரட்டிவிட்டார்கள்.

வேதம் இப்படி என்றால் சட்டம் அதைவிட வேடிக்கை. டெக்ஸாஸில் ஒரு சட்டம், பரிசுச் சண்டை நடத்த 500 டாலர் வரி கட்டு என்றது. இன்னொன்று, நடத்தினால் குற்றம் என்றது. இரண்டையும் படித்துத் தலை சுற்றிய நீதிபதி, தடை செல்லாது என்றார். உடனே ஆளுநர் சார்ல்ஸ் கல்பர்சன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். ஒரு மாநிலமே தீப்பிடித்தால் எவ்வளவு வேகம் காட்டலாமோ அவ்வளவு வேகத்தில் தடைச்சட்டம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்டூவர்ட் மரத்தை விற்றுவிட்டு ஆர்கன்சாஸுக்குப் போனார். அங்கேயும் ஆளுநர் குறுக்கே நின்றார். அலுத்துப்போன கார்பெட், ஊருக்குப் போகிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதுபோல, சாம்பியன் பட்டத்தை பீட்டர் மாஹர் என்ற அயர்லாந்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இந்த மாஹர் 1892-லேயே ஃபிட்ஸ்சிம்மன்ஸிடம் உதை வாங்கியவர் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது இடம் எல் பாஸோ. வரைபடத்தைப் பார்த்தால் ஸ்டூவர்ட்டின் மூளை புரியும். ஒரு பக்கம் டெக்ஸாஸ், ஒரு பக்கம் நியூ மெக்ஸிகோ பிரதேசம், ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிகோ. எந்தப் பக்கம் போலீஸ் வந்தாலும் மறுபக்கம் தாவிவிடலாம். சண்டைக்குக் குறித்த நாள் 1896 பிப்ரவரி 14. இடம் மட்டும் பரம ரகசியம்.

எல் பாஸோ போதகர்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுநருக்கு முறையீடு போனது. வாஷிங்டனில் நியூ மெக்ஸிகோவின் பிரதிநிதி கேட்ரன் கொண்டுவந்த மசோதாவில் பிப்ரவரி 7 அன்று ஜனாதிபதி கையெழுத்திட்டார். பிரதேசங்களில் இனி மனிதனும் மனிதனும் பணத்துக்குச் சண்டை போடக்கூடாது; மனிதனும் காளையும்கூட. மெக்ஸிகோ பக்கம் சிவாவா மாநில ஆளுநர் துருப்புகளை இறக்கினார். டெக்ஸாஸ் பக்கம் ரேஞ்சர் படையின் நான்கு கேப்டன்களும் வந்து இறங்கினார்கள். மூன்று வருடங்களுக்கு முன் இதே மாநிலத்தில், பாரிஸ் என்ற ஊரில், ஒரு கறுப்பரைப் பல்லாயிரம் பேர் கூடி உயிரோடு எரித்தபோது இப்படியொரு படை புறப்படவில்லை. அது விளையாட்டு இல்லை அல்லவா.

போதகர்களுக்கு வானமும் உதவியது. பாலைவனப் புழுதி மாஹரின் கண்ணில் விழுந்து, கண் வீங்கி, சண்டை ஒரு வாரம் தள்ளிப்போனது. எல் பாஸோவின் சாராயக்கடைக்காரர்கள் அந்தப் புழுதிக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். ஃபிட்ஸ்சிம்மன்ஸ் தன் வளர்ப்புச் சிங்கத்தோடு பொழுதைப் போக்கினார்.

பிப்ரவரி 20 இரவு ஒரு தனி ரயில் கிழக்கே கிளம்பியது. எங்கே போகிறோம் என்று பயணிகளுக்குத் தெரியாது. கூடவே ரேஞ்சர்களும் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் பிற்பகல் ரயில் நின்ற இடம் லாங்ட்ரி என்ற பொட்டல்.

அங்கே ராய் பீன் இருந்தார். அவர்தான் நீதிபதி, அவர்தான் சாராயக்கடை முதலாளி, கடைதான் நீதிமன்றம். இறந்து கிடந்தவன் சட்டைப்பையில் துப்பாக்கியும் 40 டாலரும் இருக்க, ஆயுதம் மறைத்து வைத்த குற்றத்துக்குப் பிணத்துக்கு 40 டாலர் அபராதம் போட்டவர் என்று ஒரு கதை உண்டு. கடைக்கு, தான் ஆராதித்த நடிகை லில்லி லாங்ட்ரியின் பட்டப்பெயர். ஊர்ப்பெயரும் அவளுக்காகவே என்று சொல்லித் திரிந்தார். உண்மையில் அது ரயில்பாதை போட்ட ஒரு என்ஜினியரின் பெயர். வந்தவர்களை முதலில் தன் கடைக்குள் நடத்தினார். தாகத்துக்குத் தர்ம விலை எல்லாம் கிடையாது.

பிறகு எல்லோரும் செங்குத்தான கரையில் இறங்கி, தற்காலிகப் பாலத்தில் ரியோ கிராண்டேயைக் கடந்து, மெக்ஸிகோ பக்கத்து மணல் திட்டுக்குப் போனார்கள். அங்கே மேடை தயாராக இருந்தது. மெக்ஸிகோ துருப்புகள் எங்கோ தொலைவில். டெக்ஸாஸ் சட்டம் ஆற்றின் இக்கரையோடு சரி. சண்டையைத் தடுக்க வந்த ரேஞ்சர்கள் மேட்டில் வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள். அன்றைக்கு டிக்கெட் இல்லாமல், நல்ல உயரத்திலிருந்து சண்டை பார்த்தவர்களில் அவர்களும் சேர்த்தி.

மணி அடித்தது. 95 நொடி. மாஹர் மல்லாந்து கிடந்தார்.

இரண்டு சட்டமன்றங்கள், மூன்று ஆளுநர்கள், ஒரு ஜனாதிபதி, எண்ணற்ற பிரசங்கங்கள், நூற்றுக்கணக்கான மைல் ரயில். வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. படமெடுக்க இயந்திரத்தோடு வந்திருந்த இனாக் ரெக்டருக்குத் தூறலில் வெளிச்சம் போதவில்லை, ஒன்றும் பதிவாகவில்லை.

அவர் குறையும் அடுத்த வருடம் தீர்ந்தது. வெள்ளிச் சுரங்கங்கள் வற்றி வறண்டிருந்த நெவாடா மாநிலம், 1000 டாலர் கட்டினால் குத்திக்கொள்ளுங்கள் என்றது. 1897 மார்ச் 17, கார்சன் சிட்டியில் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் கார்பெட்டை 14-ஆவது சுற்றில் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரே குத்தில் உட்காரவைத்தார். ரெக்டர் முழுவதையும் படமாக்கினார். மேடைப்பக்கம் எட்டிப் பார்த்தாலே பாவம் என்று வளர்க்கப்பட்ட பெண்கள், தியேட்டர்களில் பகல்காட்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

டெக்ஸாஸ் சட்டம் மட்டும் உறுதியாக நின்றது. 1901 பிப்ரவரியில், கால்வெஸ்டன் நகரில் ஜோ சொயின்ஸ்கி என்ற அனுபவசாலி ஓர் உள்ளூர்க் கறுப்பு இளைஞனை மூன்றாவது சுற்றில் சாய்த்தார். விழுந்தவன் எழுவதற்குள் ரேஞ்சர்கள் மேடையேறி இருவரையும் பிடித்து, சண்டை போட்ட குற்றத்துக்காக ஒரே சிறையில் அடைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள். பொழுது போக வேண்டுமே. பெரியவர் சின்னவனுக்குக் குத்தும் ஒதுங்கலும் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியைப் பார்க்க ஊர்க்காரர்கள் சிறைக்கு வந்து போனார்கள்.

இளைஞனின் பெயர் ஜாக் ஜான்சன். 1908-ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். அவன் பாடம் படித்த அந்தச் சிறைக்குச் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது.