மயிலுக்குப் போர்வை, மனுஷனுக்கு மங்கி குல்லா

அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டில் எங்கள் ஊருக்கு வந்து திருப்புகழ் பாடியபோது, வல்லக்கோட்டை என்று பாடவில்லை. கோடைநகர் என்று பாடிவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்தில் வானிலை ஆய்வு மையம் கிடையாது. ஆனாலும் இந்த ஊருக்கு இதைவிடச் சரியான வானிலை அறிக்கையை அதற்கப்புறம் யாரும் வாசித்ததில்லை.

வல்லக்கோட்டை என்ற பெயருக்குச் சொந்தக்காரன் வல்லன் என்கிற அசுரன். முருகன் கையால் சாகிற நேரத்தில் அவன் சொர்க்கம் கேட்கவில்லை, மறுபிறவி கேட்கவில்லை. ஊருக்குத் தன் பெயரை வைக்கச் சொன்னானாம். தோற்றவன் பெயர் பலகையில், ஜெயித்தவர் ஏழடி உயரத்தில் உள்ளே. இரண்டு தரப்புக்கும் மனக்குறை இல்லாத ஒப்பந்தம்.

இப்படிப்பட்ட ஊரிலும் குளிர்காலம் உண்டு என்று சொல்கிற தைரியம் நம் முன்னோர்களுக்கு மட்டும்தான் இருந்தது. வருஷத்தை ஆறு பெரும்பொழுதாக வெட்டினார்களே, அந்தப் பங்கீட்டைப் பாருங்கள். மழைக்கு ஒன்று, வேனிலுக்கு இரண்டு. கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐப்பசி தொடங்கி ஆறு மாதம். இதில் மாசியும் பங்குனியும் பின்பனியாம்! பங்குனி மதியம் ஒரகடம் கூட்டுரோட்டில் ஹெல்மெட்டோடு நிற்கிறவரிடம் போய், "அண்ணே, இது பின்பனிக் காலம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

நக்கீரர் இன்னும் ஒரு படி மேலே. நெடுநல்வாடையில் அவர் வர்ணிக்கிற குளிருக்குப் பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன, குரங்கு சுருண்டுகொள்கிறது, பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. ஊரே குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஏதோ சைபீரியா என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1905 வாக்கில். ஃபின்லாந்தில் அந்த வெப்பநிலை வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு ஏரியில் குதிப்பார்கள்.

குளிர் நிவாரணம் என்று வந்தால் வள்ளல் பேகனை விட்டுவிட்டுப் பேச முடியாது. மேகம் கண்ட மயில் தோகையை விரித்துச் சிலிர்த்தது. அது ஆட்டம். பேகன் அதை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். பயனாளிக்குத் தேவையா என்று விசாரிக்காமல் வழங்கப்பட்ட இலவசத் திட்டங்களில் இதுவே மூத்தது. உடம்பெல்லாம் இறகு முளைத்த பிராணிக்குப் போர்வை! ஊர் சிரித்துவிடப் போகிறதே என்று பரணர் புறநானூற்றில் ஓடிவந்து சமாளிக்கிறார்: மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தானாம். மக்கள் தொடர்பு அதிகாரி வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர் அதற்கப்புறம் எத்தனை பேர்?

மனுஷன் கதை இப்படி. தேவர்கள் கதை இன்னும் மோசம். நமக்கு ஒரு வருஷம் அவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை பகல், ஆடி முதல் மார்கழி வரை ராத்திரி. ஆறு மாதம் வெளிச்சம், ஆறு மாதம் இருட்டு என்றால் அது துருவத்தில்தான் நடக்கும். மேருவில் இருக்கும் தேவர்களுக்குச் சூரியன் ஆறு மாதம் தெரியும் என்று சூரிய சித்தாந்தமும் சொல்கிறது. திலகர் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு, வேதம் பாடியவர்களின் ஆதி வீடு துருவப் பக்கம்தான் என்று 1903-இல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். எங்கள் கோயில் குளத்தை வஜ்ராயுதத்தால் குத்தி உண்டாக்கியவன் இந்திரன் என்பது தலபுராணம். ஆறு மாதம் இருட்டில் கிடந்தவன் வெயில் காய வல்லக்கோட்டையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. சூரியன் நிஜமாகவே வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். நாம் பொங்கல் வைத்து உத்தராயணம் கொண்டாடுவது ஜனவரி 14, 15-இல். நம் பஞ்சாங்க வருஷம் பருவங்களின் வருஷத்தைவிட இருபது நிமிடம் நீளம். சுமார் 1,700 வருஷத்துக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் வந்தன. இருபது இருபது நிமிடமாகச் சேர்ந்து இப்போது 24 நாள் பாக்கி. தேவலோகத்தில் அலாரம் தாமதமாக அடிக்கிறது. யாரும் புகார் கொடுக்கவில்லை. போதாததற்கு, இந்த ஊரில் சூரியன் வருஷத்திலேயே மிகத் தாமதமாக எழுவது தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான். தை பிறந்தால் வழி பிறக்கலாம், வெளிச்சம் பிறக்க இன்னும் கொஞ்ச நாளாகும்.

பெருமாளுக்கும் குளிர் விலக்கு கிடையாது. ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசிக்கு நம்பெருமாள் மேல் 365 வஸ்திரம் சாற்றுகிறார்கள். நாளுக்கு ஒன்று கணக்கு. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு போர்வைதான். அதிலும் தம்பி பாதியை இழுத்துக்கொள்வான்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? வல்லக்கோட்டையின் மிகக் குட்டையான பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். அவ்வளவுதான் நம் துக்கம். நிஜமான குளிர்காலம் பார்த்தவர்கள் பின்னாலே வந்தார்கள், தொழிற்சாலை கட்ட. முதலில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரியாக்காரர்கள். 1998-இல் சான்ட்ரோ கார் உருண்டது. சியோலில் டிசம்பர் பகல் ஒன்பதரை மணி நேரம். தரைக்கு அடியில் சூடேற்றி அதன் மேல் பாய் போட்டுப் படுக்கிற பழக்கம் அவர்களுடையது. பனிக்கு முன்னால் ஊர்கூடிக் கிம்ச்சி போட்டு வைப்பார்கள். நாம் சித்திரை வெயிலில் வடகம் பிழிவது மாதிரிதான், காலண்டர் மட்டும் தலைகீழ்.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபின்லாந்தின் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஹெல்சின்கியில் டிசம்பர் பகல் 5 மணி 50 நிமிடம். இன்னும் வடக்கே போனால் சூரியன் வாரக்கணக்கில் எட்டியே பார்க்காது. காலைச் சாப்பாட்டு மேஜையில் வெளிச்ச விளக்கு வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், நாம் சாமி விளக்கு முன்னால் உட்காருகிற மாதிரி. அப்புறம் சானா என்று ஒரு மர அறைக்குள் 80 டிகிரியில் வெந்துகொள்வார்கள். அதற்குத் தனி அறை கட்டுவார்களா என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அவருக்கு. இருட்டு தெரிந்த கம்பெனிதான் 2003-இல் 1100 மாடலின் தலையில் டார்ச் வைத்தது. மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்கு அதுதான் குலதெய்வம். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. டார்ச் அதற்கப்புறமும் எரிந்தது.

போனவர்கள் தங்கள் நாட்டு இருட்டை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு ஷிஃப்ட் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பொழுது சாய்ந்தபின் பஸ் ஏறுகிறான், விடிந்தபின் இறங்குகிறான், ஜன்னலுக்குப் படுதாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். கோடைநகரில் இருந்துகொண்டே வைட்டமின் டி மாத்திரை முழுங்குகிறான். டாக்டர் வெயிலில் நிற்கச் சொன்னாராம். "எப்போ நிக்கிறது, நான் முழிக்கிறப்போ அது தூங்கிடுதே" என்கிறான்.

தீபாவளிக்குக் கம்பெனியில் நல்ல கனமான கம்பளி கொடுத்தார்கள். மார்கழியில் ஒருநாள் காலை, மங்கி குல்லாவைக் கழற்றாமலே வந்து வாசலில் நின்று கத்தினான்.

"ஏம்மா, புதுப் போர்வைய எடுத்து வண்டி மேல போட்டிருக்க?"

"பனியில சீட்டு நனையுதுன்னு நீதானடா சொன்ன!"

பேகன் போர்த்தியதும் ஒரு வாகனத்தின் மேல்தான். அந்த அம்மாவுக்காக எழுத ஒரு பரணர்தான் இல்லை.