ஸ்டார் டிரெக் பார்க்கையில் சிரிக்காமல் இருப்பது எப்படி?

முதலில் முகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். உதடுகள் ஒட்டியிருக்கட்டும், புருவம் லேசாகச் சுருங்கியிருக்கட்டும். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஜீன் ராடன்பெரி தொடங்கிவைத்த ஸ்டார் டிரெக், பசியையும் இனவெறியையும் தாண்டி வந்துவிட்ட மனித குலத்தைக் காட்ட வந்த தொடர். அவ்வளவு தூரம் முன்னேறிய ஒருவர் ஜோக்கடிக்கலாமா? கூடவே கூடாது என்பது ரசிகர்களில் ஒரு கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு, அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பதால் வாதத்துக்கு வருவதில்லை. இந்தக் கையேடு முதல் கட்சியில் புதிதாகச் சேர்பவர்களுக்கானது. பழைய உறுப்பினர்கள் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே கோபம் வந்தாயிற்று.

கட்சியின் அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான்: இருபது வருடம் தாண்டிய நகைச்சுவை 'கிளாசிக்', இந்த வருடம் வந்தது 'அவமானம்'. இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, இந்த விதி எங்கெல்லாம் காலை வாரிவிடும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது.

முதலில் காலை வாருவது டிரிபிள். உள்ளங்கையில் அடங்கும் ரோமப் பந்து மாதிரி ஒரு பிராணி. காலில்லை, முகமில்லை. தடவிக்கொடுத்தால் குர்ரென்று கொஞ்சும், தின்னும், குட்டி போடும். வேறு ஜோலி கிடையாது. 1967 டிசம்பர் 29 அன்று 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்' ஒளிபரப்பானபோது அதை எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு வயது 23. தலைக்கு மேலிருக்கும் தானியக் கிடங்கின் கதவை என்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் கிர்க் திறக்கிறார். தின்று கொழுத்த டிரிபிள்கள் சரசரவென்று சரிந்து அவரை மார்பளவுக்குப் புதைக்கின்றன. அத்தோடு விடவில்லை. அந்தக் குவியலில் நின்றபடியே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அவர் விசாரணை நடத்த, மேலேயிருந்து ஒவ்வொன்றாக அவர் தலையில் பொத்பொத்தென்று விழுந்துகொண்டே இருக்கிறது. செட்டுக்குப் பின்னாலிருந்து எறிந்தவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை, அதனால் எறிந்துகொண்டே இருந்தார்கள் என்று அந்தப் படப்பிடிப்பைப் பற்றிச் சொல்வார்கள்.

இங்கே சிரிப்பு வந்தே தீரும். தப்பிக்க ஒரு வழி இருக்கிறது: கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் சொல்லும் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிடங்கில் மொத்தம் 17,71,561 டிரிபிள்கள் என்கிறார் அவர். ஒரே ஒரு டிரிபிளில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்துக் குட்டி, மூன்று நாள். 11-இன் ஆறாம் அடுக்கைப் போட்டுப் பாருங்கள், இம்மியும் பிசகாது. "நான் சிரிக்கவில்லை, கணக்கை ரசித்தேன்" என்று சொல்லிவிடலாம். அறிவியல் புனைகதை ரசிகருக்கு அது கௌரவமான வாக்குமூலம்.

அதே அத்தியாயத்தில் ஸ்காட்டி வரும் மதுக்கடைக் காட்சியிலும் கவனமாக இருங்கள். கிளிங்கான் என்ற எதிரி இனத்துக்காரன் ஒருவன் கேப்டன் கிர்க்கை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். கப்பலின் இளம் அதிகாரி செக்காவ் கொதித்தெழுகிறான், தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி அவனை இழுத்து உட்கார வைக்கிறார். பிறகு கிளிங்கான்காரன் என்டர்பிரைஸ் கப்பலைக் குப்பை என்கிறான். ஸ்காட்டி நிதானமாக எழுந்து ஒரு குத்து விடுகிறார். அப்புறம் விசாரணை. கேப்டனாகிய தன்னைத் திட்டியதற்காக அல்ல, கப்பலைத் திட்டியதற்காகத்தான் சண்டை வந்தது என்று கிர்க்குக்கு மெல்ல மெல்ல விளங்கும்போது அவர் முகம் போகும் போக்கு இருக்கிறதே... சரி, வேண்டாம், நாம் சிரிக்காமல் இருப்பதைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்காட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படுவார்.

"நகைச்சுவையை எடுத்துவிட்டால் தொடர் தரமாகிவிடும்" என்று வாதிடப் போகிறீர்களானால், மூன்றாவது பருவத்தைப் பற்றி யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரிபிள் காலத்துக் கலகலப்புக்குப் பின்னணியில் இருந்த தயாரிப்பாளர் ஜீன் கூன் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். 1968 செப்டம்பரில் மூன்றாவது பருவத்தின் முதல் அத்தியாயமாக வந்தது 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்'. ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிப் போய்விடுகிறார்கள். மூளையில்லாத உடம்பை ரிமோட் மாதிரி ஒரு கருவியால் நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு, மூளையைத் தேடிக் கிளம்புகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை, யாரும் கண்ணடிப்பதில்லை, எல்லோரும் அவ்வளவு சீரியஸ். மொத்தத் தொடரிலும் ரசிகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது இதைப் பார்த்துத்தான். (கதை கூனுடையதேதான், லீ குரோனின் என்ற புனைபெயரில் எழுதினார். அதையும் சொல்லாமல் விடுவது நல்லது.) இதே ஜாதியில் 1996-இல் 'வாயேஜர்' தொடரில் வந்த 'திரெஷோல்ட்' ஒன்று உண்டு. எல்லையில்லாத வேகத்தில் போன கப்பல் தலைவியும் விமானியும் பல்லி மாதிரி ஒரு ஜந்துவாக மாறிக் குட்டி போடுகிறார்கள். ஒப்பனைக்காக அதற்கு எம்மி விருது கிடைத்தது. கண்ணியம் குலைய ஜோக் அவசியமே இல்லை.

இனி சினிமா. உங்களுக்கு உண்மையான சோதனை 1986 நவம்பரில் வந்த 'தி வாயேஜ் ஹோம்'. ஸ்பாக்காக நடித்த லியனர்டு நிமாய் இயக்கியது. வில்லன் கிடையாது, பீரங்கிச் சண்டை கிடையாது. 23-ஆம் நூற்றாண்டில் திமிங்கலம் அழிந்துவிட்டதால், இரண்டு திமிங்கலங்களைக் கொண்டுபோக 1986-இன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறார்கள். பனிப்போர் இன்னும் ஓயாத காலத்தில், ரஷ்ய உச்சரிப்போடு செக்காவ் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அணுசக்திக் கப்பல் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கிறான். பேருந்தில் பாட்டை அலறவிட்டு வரும் இளைஞனின் கழுத்தை ஸ்பாக் லேசாக அழுத்த, அவன் சாய்கிறான், பயணிகள் கைதட்டுகிறார்கள். அப்புறம் நம் ஸ்காட்டி. தொழிற்சாலை ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்து "கம்ப்யூட்டர்!" என்று கூப்பிடுகிறார். பதில் இல்லை. டாக்டர் மெக்காய் மவுஸை எடுத்துக் கையில் கொடுக்கிறார். அதை மைக் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டு மறுபடியும் பணிவாகக் கூப்பிடுகிறார். விசைப்பலகையைப் பயன்படுத்தலாமே என்று தொழிற்சாலைக்காரர் சொன்னதும், விரல்களைச் சொடுக்கிக்கொண்டு படபடவென்று தட்டி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒளி ஊடுருவும் அலுமினியத்தின் சூத்திரத்தைத் திரையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 கோடி டாலர் வசூல். ஸ்டார் டிரெக் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் பார்த்த படம். இதை எதிர்ப்பது கடினம். ஆனாலும் முயன்றவர்கள் உண்டு. "இது பிக்னிக், விண்வெளிப் பயணமல்ல" என்பது அவர்கள் வாதம். ஒரு பிரச்சினை: எங்கள் காலத்தில் பணமே கிடையாது என்று கிர்க் வாய்விட்டு ஒப்புக்கொள்வது இதே படத்தில்தான். பீட்சாக் கடையில் பில் வரும்போது. கட்சி இன்றைக்கும் மேடை போட்டு முழங்கும் அந்தப் பொன்னுலகத்தை, சாப்பிட்டுவிட்டுக் காசில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் சொன்னார்.

முந்தையது ஓடியதால், அடுத்த படத்திலும் சிரிப்பு வேண்டும் என்று ஸ்டுடியோ கேட்டது. 1989-இல் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் இயக்கத்தில் வந்தது 'தி ஃபைனல் ஃபிரண்டியர்'. சிறையிலிருந்து கிர்க்கைத் தப்பவைத்துவிட்டு ஸ்காட்டி கப்பலின் நடைபாதையில் வருகிறார். இந்தக் கப்பல் எனக்கு அத்துப்படி என்று பெருமையடிக்கிறார். அடுத்த நொடி ஒரு உத்தரத்தில் தலை மோதி மயங்கி விழுகிறார். தியேட்டரில் சிரித்தவர்கள் இருக்கலாம். ஆனால் 1967-இல் கேப்டனைத் திட்டியபோது பொறுத்து, கப்பலைத் திட்டியபோது கை நீட்டிய மனிதர் இவர். கப்பலின் ஒவ்வொரு திருகாணியையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். மவுஸோடு பேசியபோது அவர் ஸ்காட்டியாகவே இருந்தார். காலம் மாறியதுதான் வேடிக்கை. உத்தரத்தில் மோதியவர் யாரோ. வசூலும் பாதியாகக் குறைந்தது. இந்த இடத்தில் மட்டும் கட்சியின் கோபத்துக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். தாராளமாகத் திட்டுங்கள், முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் உங்களுக்கு வேலை சுலபம். பணப்பித்துப் பிடித்த பெருங்காது ஃபெரெங்கிகள் வந்தாலே ஒரு பெருமூச்சு விட்டால் போதும். 1998 ஏப்ரலில் 'இன் த பேல் மூன்லைட்' வந்தது: போரில் ஜெயிக்க கேப்டன் சிஸ்கோ பொய்ச் சாட்சி தயாரித்து, மனசாட்சியோடு மல்லுக்கட்டும் கதை. மே மாதமே 'பிராஃபிட் அண்ட் லேஸ்': குவார்க் என்ற ஃபெரெங்கி பெண்ணாக மாறும் கூத்து. இரண்டாவதை ஆதரித்து யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் ஃபெரெங்கி என்றாலே மட்டம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். குவார்க்கும் தம்பியும் 1947-இன் ராஸ்வெல்லில் போய் விழும் 'லிட்டில் கிரீன் மென்' பிடித்தவர்கள் அடிக்க வருவார்கள்.

அதே தொடர் 1996-இல், ஸ்டார் டிரெக்கின் முப்பதாவது ஆண்டுக்காக, டிரிபிள் அத்தியாயத்துக்கே திரும்பிப் போனது. பழைய காட்சிகளுக்குள் புதிய நடிகர்களைக் கணினி வழியே நுழைத்தார்கள். கிர்க் தலையில் டிரிபிள் ஏன் விழுந்துகொண்டே இருந்தது என்பதற்கு 29 வருடம் கழித்து விளக்கம் கிடைத்தது: கிடங்குக்குள் சிஸ்கோவும் அவருடைய அதிகாரி டாக்ஸும் உட்கார்ந்து, வெடிகுண்டை ஒளித்துவைத்திருந்த டிரிபிளைத் தேடி, வேண்டாததைக் கீழே வீசிக்கொண்டிருந்தார்கள். செட்டுக்குப் பின்னால் நடந்த கூத்து இப்படி அதிகாரபூர்வ வரலாறாகிவிட்டது. இதைக் கொண்டாடிய கட்சி, 2019-இல் டிரிபிள்களின் பெருக்கத்துக்குக் காரணம் எட்வர்ட் என்ற ஒரு விஞ்ஞானியின் கிறுக்குத்தனம் என்று சொன்ன குறும்படத்துக்கு மட்டும் 'கேனன் போச்சு', அதாவது அதிகாரபூர்வ வரலாறு கெட்டது என்று கொதித்தது. விதி ஞாபகம் இருக்கிறதல்லவா? இருபது வருடம். 2039-இல் மறுபரிசீலனை.

உங்களையே கிண்டல் செய்தால்? 1986 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில், ரசிகர் மாநாட்டு மேடையில் நிற்கும் ஷாட்னர் ரசிகர்களைப் பார்த்து உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் என்கிற தொனியில் எரிந்து விழுந்தார். நாடகம்தான், மனம் புண்பட்டவர்களும் இருந்தார்கள். பிறகு அந்த வசனத்தையே தலைப்பாக்கி அவர் புத்தகமே எழுதினார். 1999-இல் வந்த 'கேலக்ஸி குவெஸ்ட்' ஸ்டார் டிரெக்கையும் ரசிகர்களையும் சேர்த்துக் கலாய்த்த படம். கப்பலின் வரைபடத்தை நுனிவிரலில் வைத்திருக்கும் ரசிகப் பையன்தான் கடைசியில் எல்லோரையும் காப்பாற்றுகிறான். அதனால்தானோ என்னவோ, 2013-இல் லாஸ் வேகாஸ் மாநாட்டில் ஸ்டார் டிரெக் படங்களை வரிசைப்படுத்தியபோது, ஸ்டார் டிரெக்கே அல்லாத அதற்கு ஏழாவது இடம் கொடுத்தார்கள்.

கடைசியாக 'லோயர் டெக்ஸ்'. மைக் மெக்மஹன் உருவாக்கிய இந்தக் கார்ட்டூன் தொடர் 2020 ஆகஸ்டில் தொடங்கியது. செரிட்டோஸ் என்ற மூன்றாந்தரக் கப்பலின் கடைநிலை ஊழியர்கள் கதை. புதிய கிரகத்தைப் பெரிய கப்பல்கள் போய்க் கண்டுபிடித்து மாலை மரியாதை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, மிச்சமிருக்கும் படிவ வேலைகளை முடிக்க வருபவர்கள் இவர்கள். தொடக்கப் பாடலில் கப்பல் ஒரு மாபெரும் போர்க்களத்தை நோக்கிப் போகும், நிலைமையைப் பார்க்கும், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பும். இதைப் பார்த்தால் வேலை கெட்டுவிடும். எனவே முன்னோட்டத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வாருங்கள். 2020-இல் பலர் அப்படித்தான் செய்தார்கள். இதில் வரும் பாய்ம்லர் வேறு யாருமில்லை, நீங்கள்தான்: பழைய கப்பல்களின் சாகசங்களைத் தேதிவாரியாக ஒப்பிப்பவன். 2023-இல் அவன் நிஜ மனிதனாகவே 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடருக்குள் வந்து, ஸ்பாக் சிரிப்பதைப் பார்த்துப் பதறினான். ஸ்பாக் இப்படி இருக்கக் கூடாதே என்று.

'லோயர் டெக்ஸ்' மொத்தம் ஐந்து பருவம், 50 அத்தியாயம். 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025-இல் கடைசி அத்தியாயத்துக்கு ஹியூகோ விருது கிடைத்தது. நிறுத்தப்பட்ட தொடர் என்பதால் இருபது வருட விதியில் சலுகை உண்டு. இப்போதே அருமை என்று சொல்லிக்கொள்ளலாம்.

2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கானில், நிஜ நடிகர்களை வைத்து அரை மணி நேர ஸ்டார் டிரெக் நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தயாரிப்பதாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே கட்சி தயாராகிவிட்டது. அப்படி ஒன்று வந்தால் நீங்களும் கொடி பிடிக்கலாம், ஆட்சேபணையில்லை. தயவுசெய்து முதல் இரண்டு அத்தியாயத்தையாவது பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.