மலையும் மண்ணும்

கேள்வி: காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசையாக வருகின்றன. ஊட்டிக்குப் போகத் துடிக்கும் குடும்பத்தை விருத்தாசலம் கூட்டிப்போனால் சண்டை வராதா?

பதில்: வராது. மலைதானே வேண்டும்? ஊரின் பழைய பெயரே முதுகுன்றம்! விழுப்புரம்–திருச்சி ரயில் தடத்தில் சந்திப்பு. சேலம், கடலூர்ப் பாதைகளும் இங்கே கூடுகின்றன. காலையில் பழமலைநாதர் கோயில். சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பணப் பரிமாற்றக் கதை ஏது? பிறகு பொம்மைகள் செய்யும் பீங்கான் தொழிற்பேட்டை. பட்டறையைக் காட்டுவதெல்லாம் சுற்றுலாவா என்பீர்கள். பொம்மையைக் கடையில் மட்டுமே பார்த்த பிள்ளை, களிமண் குழம்பின் நீரை அச்சு உறிஞ்சி உருக்கொடுப்பதையும், அது சூளையில் 1000 டிகிரிக்கு மேல் வெந்து, இனி நீரில் கரையாத பொருளாவதையும் பார்க்கட்டும்; எந்த மலைக்காட்சியும் அவ்வளவு கேள்விகளைக் கிளப்பாது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு புரட்டாசியிலேயே கிளம்புங்கள். ஐப்பசி அடைமழையில் பொம்மையும் காயாது, உங்கள் துணியும் காயாது.