காலி வீட்டுக் கதவைத் தட்டுதல்: சி நிரல்கள் விழுவது பற்றி ஒரு லயத்து ஆய்வு

சி மொழி நிரல் ஏன் பாதியில் விழுகிறது என்பதற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் விடை தேடுவது வீண். 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி அங்கேதான் அந்த மொழியை உருவாக்கினார், மறுக்கவில்லை. ஆனால் அதன் நினைவக நிர்வாகம் மலேசியாவின் கோலா சிலாங்கூர்த் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அலுவலகத்தின் அப்பட்டமான நகல் என்பது இவ்வாய்வாளனின் துணிபு. ரிட்சி இந்தப் பக்கம் வந்ததற்குச் சான்றில்லை. அது ஆய்வுக்குத் தடையுமில்லை.

'மாலாக்' என்று நினைவகத்தில் இடம் கேட்டால் கிராணி ஒரு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டின் எண்ணைச் சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டுதான் பாயின்டர். 'ஃப்ரீ' என்பது சாவியைத் திருப்பிக் கொடுப்பது. சாவி போனாலும் சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கும். அங்கேதான் வினை.

என் மாமாவையே எடுத்துக்கொள்வோம். 14ஆம் எண் வீட்டில் பிறந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குடும்பம் பெஸ்தாரி ஜெயாவில் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. (2007 வரை அவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை, மாமாவுக்கு இன்றும் அதுதான். ஒரே முகவரிக்கு இரண்டு சீட்டு: நிரலர்கள் இதற்கென்றே தனிப் பாடம் படிக்கிறார்கள்.) மாதம் ஒருமுறை மோட்டாரில் போய்ப் பழைய 14ஐத் தட்டிவிட்டு வருவார்.

லயம் இடிந்து முழுதும் செம்பனை ஆகியிருந்தால் நல்லது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று இயக்குதளம் கையைப் பிடித்து நிறுத்திவிடும். வீட்டில் வேறு ஆள் இருந்தால்தான் ஆபத்து. இப்போது அங்கே ஓர் இந்தோனேசியக் குடும்பம். உட்காரவைத்துத் தேநீர் தருகிறார்கள். மாமா தன் வீடென்ற நினைப்பில் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு வருகிறார். இரவு அந்த வீட்டுப் பாட்டி தடுக்கி விழுகிறார். விசாரணை பாட்டியின் கண்பார்வையில் தொடங்குகிறது. நிரல் 812ஆம் வரியில் விழுந்தால் 812ஐயே முறைத்துப் பார்க்கும் இளைஞர்கள் செய்வதும் இதேதான்.

சாவியைக் கணவன் காலையிலும் மனைவி மாலையிலும் தனித்தனியே ஒப்படைத்ததாகக் கணக்கேறினால், கிராணி அதே வீட்டை இரு குடும்பங்களுக்குக் கொடுப்பார். இதற்கு 'டபுள் ஃப்ரீ' என்று பெயர். சாவியோடு சீட்டையும் தொலைத்துவிட்டு ஊரைவிட்டே போனால் 'மெமரி லீக்'.

துண்டாடல் தனி அத்தியாயம் கேட்பது. 1950களில் துரைமார் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகப் போனபோது, தொழிலாளரிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நினைவகமும் துண்டாகும்: மொத்தத்தில் இடம் இருக்கும், சேர்ந்தாற்போல் இருக்காது. குடியிருப்பவர்களை நகர்த்தி இடத்தை ஒன்றுசேர்க்கலாம் என்றால் எல்லார் சட்டைப்பையிலும் பழைய சீட்டு. சி மொழிக்கு ஒரு சம்பந்தன் வாய்க்கவில்லை.

பிழையைப் பிடிப்பது கம்போங் குவாந்தானில் மின்மினி பார்ப்பது போன்றது. பெரெம்பாங் மரம் முழுதும் ஒரே தாளத்தில் மின்னும். டார்ச் அடித்தால் காட்சி போய்விடும், படகோட்டியின் அதட்டல்தான் மிஞ்சும். நடுவே 'பிரின்ட்எஃப்' என்று ஓர் அச்சிடும் கட்டளையைச் செருகினால் மறைந்துகொள்ளும் பிழைகளும் அந்தச் சாதி. 2002இல் வந்த வால்கிரைண்ட் என்ற பிழைதேடும் கருவி ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்): ஒவ்வொரு கதவிலும் பின்னால் நின்று "இது உன் வீடா?" என்பார். நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். 2012இல் கூகுள்காரர்கள் தந்த அட்ரஸ் சானிடைசர் வேறு வழி கண்டது: வீட்டுக்கு வீடு முள்வேலி, காலியான வீட்டை உடனே யாருக்கும் கொடுக்காமல் கொஞ்சகாலம் பூட்டிவைப்பது. வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான்.

அப்படியொரு பூட்டை 14க்கும் போடலாமே என்று அடுத்த முறை மாமாவோடு போனபோது அந்தப் பாட்டியிடமே யோசனை சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். மாமா வரும் நாளில்தான் முறுக்கு வருமாம்.